காலநிலை நிதி மலைக்கு வந்ததா? வந்திருந்தால் எந்த வாசல்வரை?

கொட்டகலை வாசகர் கேட்டது, 2026 ஜனவரி 17

2025 நவம்பரில் அடித்த டித்வா புயலுக்குப் பிறகு எங்கே பார்த்தாலும் "காலநிலைக்குத் தாக்குப்பிடிக்கும் விவசாயம்" என்ற பேச்சுத்தான். உலக வங்கி, ஐ.நா., பசுமை காலநிலை நிதியம் என்று பல வருடமாக இலங்கைக்கு மில்லியன் கணக்கில் டொலர் வந்திருக்கிறதாம். என் கேள்வி ஒன்றுதான். எங்கள் மலையகத் தேயிலை மலைக்கு அதில் ஏதாவது வந்ததா? வந்தால் யார் கைக்கு வந்தது? நான் அறிந்தவரை எல்லாம் வறண்ட வலயத்துக் குளங்களுக்கே போகிறது. தெரிந்தவர்கள் ஆதாரத்தோடு சொல்லுங்கள்.

என் பதில், 2026 ஜனவரி 17, இரவு

பெரும்பகுதி வறண்ட வலயத்துக்குத்தான் போனது. உலக வங்கியின் காலநிலைசார் நீர்ப்பாசன விவசாயத் திட்டம் 2019இல் 125 மில்லியன் டொலரோடு தொடங்கியது. வடக்கு, கிழக்கு, வடமத்தி, வடமேல், தெற்கு, ஊவா என்று ஆறு மாகாணங்கள், 11 மாவட்டங்கள். மத்திய மாகாணம் பட்டியலில் இல்லை. ஊவா இருந்தாலும் போனது மொனராகலைச் சமவெளிக்கு. அதற்கு முன்னால் 2016இல் பசுமை காலநிலை நிதியம் ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் வழியாக 38 மில்லியன் டொலர் ஒதுக்கியது. அது மல்வத்து ஓயா, யான் ஓயா, மீ ஓயாப் பக்கத்துச் சிறு குளங்களுக்கும் குடிநீருக்கும்.

அங்கே உள்ளவர்களுக்கு அது வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு இங்கிருந்து வவுனியாவுக்குப் போன சொந்தக்காரர்கள் எங்களுக்கு உண்டு. ஆவணியில் அவர்கள் வீட்டுக் கிணற்றில் வாளி தரையில் தட்டும் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். அங்கே மழை பொய்த்துக் கெடுக்கிறது, இங்கே கொட்டிக் கெடுக்கிறது. திட்டம் எழுதுகிறவர்களுக்கு "காலநிலை" என்றதும் வெடித்த குளம்தான் கண்ணில் வருகிறது. சரிந்த மலை வருவதில்லை.

நான் இராகலைப் பக்கம். அப்பா, அம்மா இருவரும் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தவர்கள். நான் மூன்று வருடம் ஒரு திட்டத்தில் களப்பணி செய்தேன். இப்போது கால் ஏக்கரில் லீக்ஸ், கரட், போஞ்சி போடுகிறேன்.

2026 ஜனவரி 18, காலை

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். படுத்த பிறகுதான் வலப்பனை ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்து ஊரை நானே மறந்திருக்கிறேன்.

காலநிலை மாற்றத்தைத் தாங்க வளரும் நாடுகளுக்கு உதவும் இசைவாக்க நிதியம் என்று ஒன்று இருக்கிறது. அதன் பணத்தில், கிட்டத்தட்ட 8 மில்லியன் டொலரில், உலக உணவுத் திட்டம் மகாவலிப் படுகையில் ஒரு வேலை செய்தது. அனுமதி கிடைத்தது 2012இல். எடுத்த இடங்கள் பொலன்னறுவை மாவட்டத்தில் சிலவும் நுவரெலியா மாவட்டத்து வலப்பனையும். அப்புறம், ஐ.யூ.சி.என். என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடருக்குப் பசுமை காலநிலை நிதியம் கொடுக்க ஒப்புக்கொண்டது 40 மில்லியன் டொலருக்குச் சற்றுக் குறைவு. ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு கண்டி, பதுளை, நுவரெலியா மூன்று மாவட்டங்களில் தேய்ந்த விவசாய நிலத்தை மீட்கும் திட்டம் நடத்தியது. ஐஃபாட் என்ற ஐ.நா. விவசாய அபிவிருத்தி நிதியம் மத்திய மலைநாட்டில் தேயிலைச் சிறுபற்று நிலக்காரர்களுக்கு மறுநடுகைக்கு உதவியது.

ஆக, மலைக்கு ஒன்றும் வரவில்லை என்பது தப்பு. நானும் அதற்குத் தலையாட்டிவிட்டேன். கேள்வியின் இரண்டாம் பாதிதான் கனமானது: யார் கைக்கு?

நக்கிள்ஸ் திட்டத்தின் பெயரிலேயே "பெருந்தோட்டச் சமூகங்கள்" என்ற சொல் இருக்கிறது. ஒரு பெரிய காலநிலைத் திட்டத்தின் தலைப்பில் நம்மை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு உண்மையில் நெஞ்சு நிறைந்தது. தலைப்பில் ஏறிய பெயர் பயனாளிப் பட்டியலிலும் ஏற வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்பதை நேரில் பார்த்தவன் என்பதால் அதை நாளை விரிவாக எழுதுகிறேன்.

2026 ஜனவரி 20

நான் வேலை செய்த திட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்களும் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பயனாளி தெரிவுப் படிவம் இரண்டு பக்கம். நான்காவது கேள்வி காணி உரிமை. எதிரே நான்கு பெட்டிகள்: சொந்தம், அனுமதிப்பத்திரம், குத்தகை, வேறு. லயத்தைச் (தொழிலாளர் வரிசை வீடுகளைச்) சுற்றி, கான் (வடிகால்) ஓரத்தில், தேயிலை செத்துப்போன துண்டில் என்று மரக்கறி போடுகிற எல்லாருக்கும் நான் "வேறு" பெட்டியில் அடையாளம் போட்டேன். தரவு பதிகிற பிள்ளை கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்துக் கேட்டது: "அண்ணா, வேறு என்றால் என்னவென்று எழுத வேண்டும், இல்லாவிட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது." நான் எழுதச் சொன்னேன்: "தோட்டக் காணி, வாய்மொழி அனுமதி." 31 குடும்பத்துக்கும் அதே வரி.

திரும்பி வந்த பட்டியலில் நான்கு பெயர் இருந்தது. நான்கும் டவுனுக்குப் பக்கத்தில் காணி வாங்கிய குடும்பங்கள்.

மற்றவர்களுக்குத் தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். துரையிடம், அதாவது தோட்ட மேலாளரிடம், போனேன். மரியாதையாகத்தான் பேசினார். "எனக்கு அந்த அதிகாரம் இல்லை தம்பி, கொழும்புக்கு எழுதுகிறேன்" என்றார். கொழும்பிலிருந்து வந்த பதிலில் காணி அரசாங்கத்துடையது, கம்பனி குத்தகைக்காரர் மட்டும்தான், மூன்றாம் ஆளுக்கு எழுத்தில் எதுவும் கொடுக்க முடியாது என்று இருந்தது. அவர்கள் சொன்னதும் சட்டப்படி சரி. 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தது, மண் அரசாங்கத்திடமே இருக்கிறது. நான்கு தலைமுறையாக அந்த மண்ணைக் கொத்துகிறவனுக்கு இந்த மூன்று வரியில் எந்த வரியிலும் இடம் இல்லை.

அந்தக் கடிதம் வந்து சேர்ந்தபோது காலாண்டு முடிந்திருந்தது. காலாண்டுக்குள் செலவழிக்காத காசு திரும்பிப் போகும். ஆகவே மரக்கறி வளர்க்க அந்தத் திட்டம் கொடுத்த பொலித்தீன் கூடாரங்கள் ரோட்டுக்குக் கீழே உள்ள கிராமத்துக்குப் போயின. அந்தக் கிராமத்துக்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. எங்களுக்கு விதைக்கிழங்கு கடனாகத் தருகிறவர்களே அவர்கள்தான். கிழங்கு வித்த பிறகு கொடு என்பார்கள், துண்டு எழுதி வாங்க மாட்டார்கள்.

என்னை இன்னும் உறுத்துவது வேறொன்று. பட்டியலில் விடுபட்ட 27 வீட்டுக்கும் நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லா வீட்டிலும் தேத்தண்ணி கொடுத்தார்கள். ஒரு அம்மா மட்டும் கேட்டார்: "அப்போ அன்னைக்கு எதுக்குப்பா என் தோட்டத்தை நீட்டி அளந்து எழுதிக்கிட்டுப் போனே?"

2026 ஜனவரி 21

வெலிமடை நண்பருக்கு. "தோட்டத்து ஆட்கள் சம்பளக்காரர்கள், அவர்களை விவசாயி என்று எப்படிச் சேர்ப்பது" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபப்படாமல் பதில் சொல்கிறேன், ஏனென்றால் விவசாயிகளுக்கான அரசாங்க அலுவலகமான கமநல சேவை நிலையத்திலும் இதையேதான் சொல்கிறார்கள்.

பின்னேரம் கொழுந்தை எடை போட்ட பிறகு எங்கள் லயங்களில் யாரும் சும்மா இருப்பதில்லை. இருட்டும்வரை மண்வெட்டி. நுவரெலியா, கெப்பட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையங்கள் என்ற மொத்தச் சந்தைகளுக்குப் போகிற மூட்டைகளில் லயத்துக் கரட்டும் இருக்கிறது, வேறொருவர் பெயரில். 2021 மேயில் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தியது நினைவிருக்கும். நவம்பரில் திருப்பி விட்டார்கள், ஆனால் செடி அதற்குள் சோர்ந்துவிட்டது. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் 299 மில்லியன் கிலோ, 2022இல் 251 மில்லியன். எங்கள் மலைகளில் அது வேலை நாள் குறைவாக வந்து சேர்ந்தது. கொழுந்து இல்லாவிட்டால் பெயர், அதாவது நாள் சம்பளம், இல்லை. அந்த வருடம் பல வீடுகளில் அடுப்பெரிந்தது லயத்து மரக்கறியால். 2022 ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு நட்டஈடு அறிவித்தார்கள், கொடுக்க வேண்டியதுதான். லயத்துக் கோவாவுக்கு நட்டஈடு கேட்க ஒரு படிவம்கூட இல்லை.

சம்பளக்காரனும் விவசாயியும் ஒரே ஆளாக இருக்கலாம். படிவம்தான் இரண்டில் ஒன்றைக் கேட்கிறது.

2026 ஜனவரி 24

மீனைப் பற்றி ஒருவர் கேட்டார். மலையில் ஏது மீன்பிடி என்று இன்னொருவர் எழுதியிருந்தார். இருக்கிறது. காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை, விக்டோரியா என்று எத்தனை நீர்த்தேக்கம். திலாப்பியாவும் கெண்டை வகைகளும் விடுகிறார்கள். மேலே போகப் போகத் தண்ணீர் குளிர், மீன் மெதுவாகத்தான் பருக்கும்.

உள்நாட்டு மீன்பிடிக்கு ஒரு பழைய காயமும் உண்டு. 1990இல் அரசாங்கம் அதற்கான ஆதரவை முழுதாக நிறுத்தியது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்ற எதிர்ப்பு ஒரு காரணம். 1994இல்தான் மறுபடி எடுத்தார்கள். இடையில் குஞ்சு விடுவது நின்றது, பழகிய ஆட்களும் வேறு வேலைக்குப் போனார்கள். நான்கு வருடம்தான், ஆனால் தொழில் அறுந்தால் திரும்ப முடிச்சுப் போட நாளாகும்.

என் மச்சான் மஸ்கெலியாவில் இருக்கிறார். ஞாயிறு காலையில் மவுசாகலைக் கரையில் தூண்டில் போடுவார். சங்கத்தில் இல்லை, தோணி இல்லை. வெளிநாட்டு உதவியில் வலை, தோணி, குளிர்ப்பெட்டி எது வந்தாலும் அது மீனவர் சங்கத்துக்கு வரும். சங்கத்தில் சேர மீன்பிடி முழுநேரத் தொழில் என்று காட்ட வேண்டும் என்று அவரிடம் சொன்னார்களாம். வாரம் ஆறு நாள் மலைக்குப் போகிறவர் அதை எப்படிக் காட்டுவார்? காணிப் பத்திரம் கேட்கிற அதே வாசல்தான், தண்ணீர்ப் பக்கம் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவர் இன்னொன்று சொன்னார், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் எழுதுகிறேன். கடும் வறட்சியில் மவுசாகலை வற்றினால் பழைய மஸ்கெலியா வெளியே வரும். அணை கட்டியபோது மூழ்கிய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றுக்குள்ளிருந்து எழும்பி நிற்கும். போன தடவை தண்ணீர் இறங்கியபோது மச்சான் தன் பாட்டி தாலி கட்டிய கோயில் வாசலில் நின்று படம் எடுத்து அனுப்பினார். பின்னால் தூணில் சிப்பி ஒட்டியிருக்கிறது.

2026 ஜனவரி 27, இரவு

இன்று அப்பாவோடு மேல் மலைக்கு ஏறிப் போனேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நீளமாகும்.

அப்பாவுக்கு 71 வயது. இளமையில் கான் வெட்டுகிற கொந்தரப்பில் (ஒப்பந்த வேலையில்) இருந்தவர். தேயிலை மலையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சரிவுக்குக் குறுக்கே, வரிசை வரிசையாக, மெல்லிய இறக்கத்தோடு கான் ஓடும். "நூத்திருபது அடிக்கு ஓரடி இறக்கம், அதுக்கு மேலே விட்டா தண்ணி மண்ணைத் தின்னும்" என்பது அப்பாவின் கணக்கு. கானை ஒரே நீட்டுக்கு வெட்டிவிட மாட்டார்கள். இடைக்கிடை ஒரு திட்டை வெட்டாமல் விடுவார்கள், கானின் வாயை விடக் கொஞ்சம் தாழ்வாக. ஓடி வருகிற மண் அந்தத் திட்டுக்கு முன்னால் படியும், தண்ணீர் மட்டும் மேலால் வழிந்து அடுத்த குழிக்குப் போகும். மழைக்காலம் தொடங்குமுன் படிந்த மண்ணை வாரித் தேயிலை அடியில் போட வேண்டும்.  இதைத்தான் அப்பா இருபது வருடம் செய்தார்.

இப்போது ஆள் பற்றாக்குறை, செலவு மிச்சம் என்று கான் வாருவது பல மலைகளில் நின்றுவிட்டது. புயலில் லயத்துக்கு மேலே சரிந்த துண்டை அப்பா பார்க்க வேண்டும் என்றார். போய்ப் பார்த்தோம். சரிவின் தலையில் கான் இருந்த தடம் தெரிகிறது. உள்ளே இடுப்பளவு மானாப்புல் வளர்ந்து, மண் மூடி, கான் இருந்த இடம் தரையோடு தரையாகியிருக்கிறது. தண்ணீருக்குப் போக வழி இல்லாமல் அங்கேயே இறங்கி மண்ணை ஊறவைத்திருக்கிறது. நாலு எட்டு வைத்தால் பக்கத்து மலையில் ஒருவர் தன் சொந்த முயற்சியில் வாரி வைத்த கான், அதன் கீழே ஒரு பிடி மண் நகரவில்லை. மழை இரண்டுக்கும் ஒன்றுதான்.

கான் வாரியிருந்தால் சரிந்திருக்காது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. அன்று விழுந்த மழைக்குக் காட்டு மலையே சரிந்த இடங்கள் உண்டு. ஆனால் அப்பா அந்த விளிம்பில் குந்தியிருந்து, கைத்தடியால் புல்லை விலக்கி விலக்கி, பழைய திட்டு எங்கே இருந்தது என்று தேடினார். கண்டுபிடித்தார். "இது நான் வெட்டினது" என்றார். ஓரம் இன்னும் நேராக இருந்தது.

உணவு விவசாய அமைப்பின் திட்டத்தில் வகுப்புக்குப் போன ஒரு நண்பர் ஏ எழுத்து மாதிரி மூன்று கம்பைக் கட்டி, நடுவில் நூலில் கல்லைத் தொங்கவிட்டு, சமமட்டக் கோடு போடக் கற்று வந்தார். அருமையான கருவி, இரண்டு பேர் ஒரு மணித்தியாலத்தில் ஒரு மலைத் துண்டை அளந்துவிடலாம். அந்தக் கோட்டில் கிளிரிசீடியா வேலி நட்டு மண்ணைப் பிடிக்கச் சொல்கிறார்கள். அப்பாவுக்குச் செய்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதை எங்களுக்கு நாற்பது வருஷம் முந்தித் தந்திருந்தா என் முதுகு தப்பியிருக்கும்" என்று சிரித்தார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். புதுக் கூடாரத்துக்கும் புதுப் பம்புக்கும் காசு இருக்கிறது. இருக்கிற கானை வாருகிற கூலிக்கு ஏன் எந்தத் திட்டத்திலும் ஒரு வரி இல்லை?

2026 ஜனவரி 28

எவ்வளவு மழை பெய்தால் மண்சரிவு ஆபத்து என்று கேட்டவருக்கு: மண்சரிவு எச்சரிக்கை விடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு இதுதான். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இரு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேறு. தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

2026 ஜனவரி 30

முந்தாநாள் குறிப்பைப் பார்த்து மழைமானி எங்கே கிடைக்கும், யார் பார்ப்பது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் பிள்ளைக் காம்பரா (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) முற்றத்தில் ஒரு மழைமானி இருக்கிறது. பிளாஸ்டிக் குழாய், வாயில் புனல், இடுப்புயரத் தடியில் கட்டியது. முன்பு ஒரு பயிற்சிக்கு வந்தவர்கள் விட்டுப் போனது. பிள்ளைகளைப் பார்க்கிற அக்கா 75இல் மஞ்சள், 100இல் செம்மஞ்சள், 150இல் சிவப்பு என்று நகப்பூச்சால் கோடு போட்டு வைத்திருந்தார். தினமும் காலை எட்டரைக்குப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். யாரும் கேட்டதில்லை, சம்பளமும் இல்லை.

நவம்பர் 27 வியாழன். பின்னேரம் ஆறு மணிக்கு மஞ்சளைத் தொட்டது. ஒன்பதரைக்குச் செம்மஞ்சள். மின்சாரம் போய்விட்டது. கைத்தொலைபேசிக்கு வந்த எச்சரிக்கை சிங்களத்தில் இருந்தது, லயத்தில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. தமிழில் வந்தபோது விடிந்துவிட்டது. அக்கா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. குடையும் டோர்ச்சுமாகப் போய்ப் பார்த்தார். பதினொன்றரைக்குச் சிவப்பு. இஸ்தோப்பு இஸ்தோப்பாக (திண்ணை திண்ணையாக) வந்து கதவைத் தட்டினார். லயத்தின் 12 காம்பராவும் (வீடும்) எழும்பிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். அம்மாவை நான் முதுகில் தூக்கிக்கொண்டேன். சிலர் வர மறுத்தார்கள், அக்கா அவர்களோடு சண்டை பிடித்தார், அடுத்த வீட்டுக் கிழவரின் வெற்றிலைப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார், அவர் பெட்டிக்காகப் பின்னால் வந்தார்.

விடியப்புறம் மூன்று மணிக்குச் சத்தம் கேட்டது. காலையில் பார்த்தால் கடைசி நான்கு காம்பராவின் பின்சுவரும் அடுப்படியும் மண்ணுக்குள்.

அந்தப் புயலில் நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் செத்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியாவில்தான் அதிகம். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் லயம் லயமாக மண்ணுக்குள் போனது நமக்கு மறக்கக்கூடியதா? அங்கேயும் ஆபத்து என்று முன்பே சொல்லியிருந்தார்கள். போவதற்கு இடம் கொடுக்கவில்லை.

மழைமானிக்கு ஒரு போத்தலும் அடிக்கோலும் போதும். நேர்ச் சுவருள்ள போத்தலின் மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகினால் புனல். அடியில் கூழாங்கல்லும், கோட்டின் சுழியம்வரை தண்ணீரும் ஊற்றி நிற்கவையுங்கள். கூரை, மரம் எதுவும் மேலே இருக்கக் கூடாது. பார்க்கிற ஆள்தான் முக்கியம். அந்த அக்காவுக்கு மாதம் ஒரு சின்னக் கொடுப்பனவு எந்தத் திட்டமாவது கொடுக்குமா என்று நான் நான்கு இடத்தில் கேட்டுவிட்டேன். "உபகரணத்துக்கு உண்டு, ஆளுக்கு இல்லை" என்கிறார்கள்.

2026 பெப்ரவரி 3

கடனா நன்கொடையா என்று பண்டாரவளை வாசகர் கேட்டது நல்ல கேள்வி. இரண்டும் உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. உலக வங்கியின் 125 மில்லியன் கடன், சலுகை வட்டி என்றாலும் கடன். மண்சரிவுத் தடுப்புக்கு ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 2019இல் கொடுத்த 80 மில்லியனும் கடன். இசைவாக்க நிதியம் கொடுப்பது நன்கொடை.

நாடு 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. அதற்குப் பிறகு வந்த வரி உங்களுக்குத் தெரியும். 2024 ஜனவரியிலிருந்து வற் (பெறுமதி சேர் வரி) 18 சதவீதம். சவர்க்காரம் வாங்குகிற என் அம்மாவும் அந்தக் கடனைக் கட்டுகிறார். ஆகவே திட்டத்தில் நமக்கு இடம் கேட்பது பிச்சை கேட்பது ஆகாது. கட்டுகிற கணக்கில் எங்கள் பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

இந்தப் புகையைக் கக்கிய நாடுகள் எங்களுக்குக் கடன் தருவதே அநியாயம் என்று அவர் எழுதியதையும் ஒப்புக்கொள்கிறேன். இழப்பு, சேதத்துக்கான தனி நிதியத்துக்கு 2022இல் எகிப்தில் சம்மதித்தார்கள். 2025இல் பிரேசிலில் முதல் சுற்றுக்கு விண்ணப்பம் கேட்டபோது உலகம் முழுவதற்குமாக வைத்த தொகை 250 மில்லியன் டொலர். டித்வா நம் ஒரு நாட்டில் உடைத்ததன் பெறுமதி 4 பில்லியனுக்கு மேல் என்று உலக வங்கியே கணக்கிட்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2026 பெப்ரவரி 8

20ஆம் திகதிக் குறிப்பை மறுபடி படித்தேன். பொலித்தீன் கூடாரம் எங்களுக்குக் கிடைக்காததைப் பெரிய இழப்பாக எழுதியிருக்கிறேன். அதில் எனக்கே இப்போது சந்தேகம்.

நேற்று கீழ்க் கிராமத்துக்குப் போனேன். கொடுத்த ஒன்பது கூடாரத்தில் பொலித்தீனோடு நிற்பது இரண்டு. மற்றவை இரண்டாம் வருடத்து ஆடிக் காற்றில் கிழிந்தன. புதுப் பொலித்தீன் விலைக்கு ஒரு போக வருமானம் போதாது. ஒரு வீட்டில் இரும்புச் சட்டத்தில் போஞ்சிக் கொடி ஏறியிருந்தது, அழகாகத்தான் காய்த்திருந்தது. அந்த வீட்டு ஐயா சொன்னார்: "மகன், எங்களிடம் கேட்டிருந்தால் மேலேயிருந்து தண்ணீர் கொண்டுவர ஒரு குழாய் கேட்டிருப்போம்." காணிப் பத்திரம் உள்ளவரிடமும் யாரும் கேட்கவில்லை.

ஆக, வாசலில் நிறுத்தியது ஒரு தப்பு, உள்ளே போனவருக்குக் கேட்காததைக் கொடுத்தது இன்னொரு தப்பு. எனக்கு முதலாவது மட்டும்தான் தெரிந்திருந்தது. அந்த ஐயாவோடு சேர்ந்து மேல் ஊற்றிலிருந்து குழாய் போடும் செலவைக் கணக்குப் பார்க்கிறோம். ஊற்று தோட்டத்துக்குள், வயல் கிராமத்துக்குள். இரண்டு பக்கமும் சேர்ந்து கேட்டால்தான் ஆகும்.

2026 பெப்ரவரி 15

கொட்டகலை வாசகர் முந்தாநாள் மறுபடி வந்து, "சரி, இப்போது என்ன செய்யலாம்" என்று கேட்டிருக்கிறார். என் தோட்டத்தில் செய்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன்.

புயல் நட்டஈட்டுப் பட்டியலில் லயத்துப் பயிர் சேரவில்லை என்பதால் 43 குடும்பத்தின் கணக்கை நாங்களே கொப்பியில் எழுதினோம். பெயர், என்ன பயிர், எத்தனை பாத்தி, எத்தனை வருடமாகச் செய்கிறார்கள், விற்ற துண்டு இருந்தால் அதன் படம். காணி உரிமை என்ற இடத்தில் "1992க்கு முன்பிருந்தே பயிர் செய்கிறோம்" என்று எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து. கிராம உத்தியோகத்தர் வாங்கிப் பார்த்தார். அவருக்கும் இப்படி ஒன்றை எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியவில்லை, ஆனால் திகதி முத்திரை குத்தி ஒரு பிரதி திருப்பித் தந்தார். அந்த முத்திரை போதும், அடுத்த திட்டத்துக்காரர் வரும்போது காட்ட. முன்பு எங்கள் பிரதேச சபைகளுக்கே தோட்டத்துக்குள் காசு செலவழிக்கத் தடை இருந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தை 2018இல்தான் திருத்தினார்கள். இப்போது அந்தத் தடை இல்லை, ஆகவே ஒரு பிரதியைச் சபைக்கும் கொடுங்கள்.

கான் வாருவதை இரண்டு ஞாயிறாகத் தொடங்கிவிட்டோம். துரையிடம் சொல்லிவிட்டுத்தான். லயத்துக்கு மேலே உள்ள முதல் மூன்று கான் மட்டும். அப்பா மேலே ஒரு சாக்கில் உட்கார்ந்து இறக்கம் பார்க்கிறார், பையன்கள் வெட்டுகிறார்கள். முதல் கானில் திட்டை அகலமாக விட்டுவிட்டார்கள் என்று அடுத்த ஞாயிறு திருத்த வேண்டுமாம்.

கொப்பியின் பக்கம் எப்படிக் கோடு போட்டோம் என்று படம் எடுத்துப் போடச் சொன்னவர்களுக்கு: நாளை வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன். உங்கள் தோட்டத்தில் எழுதினால் மழைமானி பார்க்கிற ஆளின் பெயருக்கும் ஒரு கட்டம் விடுங்கள், நாங்கள் விட மறந்து பிறகு ஓரத்தில் எழுதினோம்.